ஆயுள் கைதியின் முன்விடுதலை: குடும்பத்தார் எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

“பதினாலு வருஷம் முடிஞ்சிருச்சு, ஏன் இன்னும் விடலை?” சட்ட உதவி மையத்துக்கு வரும் குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியோடுதான் வருகின்றன. கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அதில் மடித்து மடித்துக் கிழிந்த தீர்ப்பு நகலும், யாரோ எழுதிக் கொடுத்த ஐந்தாறு மனுக்களின் ஒளிநகல்களும் இருக்கும். எந்த மனு எங்கே போனது, என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரியாது.

முன்விடுதலையை முடிவு செய்யும் குழு, பெரும்பாலும் கைதியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கோப்பைத்தான் பார்க்கிறது. அதனால் கோப்பு குழுவின் மேசைக்குப் போவதற்கு முன்பே நம் வேலை முடிந்திருக்க வேண்டும். அதற்கான வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். சட்டப் பிரிவுகளுக்கு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் எண்களைத் தந்திருக்கிறேன். இங்கே வரும் 473, 475, 477 ஆகிய பிரிவுகள் பழைய தீர்ப்புகளில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432, 433ஏ, 435 என்று இருக்கும்.

1. பரோல் வேறு, முன்விடுதலை வேறு

நம் ஊரில் பரோல் என்றால் சில நாள் வெளியே வந்து திரும்பிப் போவது. தமிழ்நாட்டுச் சிறைகளில் அதை ‘லீவு’ என்பார்கள். சாவு, கடுமையான நோய், கல்யாணம் போன்றவற்றுக்கு அவசர விடுப்பு; குடும்பப் பிழைப்பு, வீடு பழுதுபார்ப்பு, பிள்ளைகளின் படிப்பு, விதைப்பு, அறுவடை போன்றவற்றுக்குச் சாதாரண விடுப்பு. இரண்டும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின் கீழ் வருகின்றன.

முன்விடுதலை என்பது மிச்சத் தண்டனையையே அரசு குறைத்து வெளியே விடுவது. சில வெளிநாடுகளில் பரோல் குழு என்ற ஒரே அமைப்பு செய்யும் வேலை இங்கே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. தண்டனை மறுஆய்வுக் குழு அல்லது ஆலோசனைக் குழு பரிந்துரைக்கிறது. அரசு முடிவு செய்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் “பரோலில் விடுதலை செய்யுங்கள்” என்று எழுதிய மனு, விடுப்புப் பிரிவுக்குப் போய் அங்கேயே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். மனுவின் முதல் வரியிலேயே எது வேண்டும் என்பதைச் சரியான பெயரில் சொல்லுங்கள்.

2. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆயுள் என்றால் ஆயுள்தான். அதை 20 ஆண்டாகக் கொள்ளலாம் என்ற ஒரு பிரிவு உண்டு. ஆனால் அது தண்டனையின் பின்னங்களைக் கணக்கிடுவதற்கு மட்டுமே உதவும். 14 என்ற எண் 475ஆம் பிரிவிலிருந்து வருகிறது. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, குறைந்தது 14 ஆண்டு உள்ளே இருக்காமல் விடக்கூடாது என்கிறது அந்தப் பிரிவு. அங்கே பரிசீலனைக்கான கதவுதான் திறக்கிறது. 14 முடிந்ததும் விடுதலை தானாக வந்துவிடாது.

ஆகவே கடைசியாகத் தீர்ப்பளித்த நீதிமன்றம் தண்டனையை எந்தச் சொற்களில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘குறைப்பு ஏதுமின்றி 25 ஆண்டு’ என்று இருந்தால், அந்தக் காலம் முடியும்வரை குழுவிடம் போய்ப் பயனில்லை. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் இப்படி வரம்பு விதிக்கலாம் என்று 2015இல் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அதேபோல் ‘குறைப்பின்றி 20 ஆண்டு’ என நீதிமன்றமே எல்லை குறித்த தண்டனை முழுதாக முடிந்தால், விடுதலைக்குத் தனியாகக் குறைப்பு ஆணை தேவையில்லை என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘எஞ்சிய இயற்கை வாழ்நாள் முழுவதும்’ என்று இருந்தால் அது தனி வகை. வழக்கறிஞரிடம் காட்டாமல் மேலே நகராதீர்கள்.

போதைப்பொருள் சட்ட வழக்கு என்றால் அந்தச் சட்டத்தின் 32ஏ பிரிவு தண்டனைக் குறைப்பைத் தடுக்கிறது. ஆனால் பரோலை அது தடுக்காது என்று 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பு இருக்கிறது. “போதை வழக்குக்கு லீவே கிடையாது” என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

தீர்ப்பைப் படிக்கும்போதே இன்னும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். அபராதம் கட்டியாகிவிட்டதா? கட்டாவிட்டால் அதற்கான கூடுதல் சிறை தனியாக நிற்கும். தண்டனைகள் ஏககாலத்தில் அனுபவிப்பதா, ஒன்றன்பின் ஒன்றா? வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை இன்னொரு வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லும் ஆணை) ஏதும் நிலுவையில் இருக்கிறதா? விடுதலை ஆணை வந்த பிறகும், பழைய அடிதடி வழக்கின் வாரண்ட் ஒன்றால் வாசலிலேயே தடுக்கப்பட்டவர்கள் உண்டு. ஆணை வருவதற்கு ஓர் ஆண்டு முன்பே இதைச் சரிசெய்ய முடியும்.

3. உள்ளே இருந்த நாட்களை நீங்களே கணக்கிடுங்கள்

சிறை நிர்வாகம் ஒரு கணக்கு வைத்திருக்கும். அதை நம்பலாம். ஆனாலும் நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் விசாரணைக் காலம் விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது.

கூட்ட வேண்டியவை: தீர்ப்புக்கு முன் ரிமாண்டில் இருந்த நாட்கள், தீர்ப்புக்குப் பின் இருந்த நாட்கள். ஆயுள் கைதிக்கும் ரிமாண்ட் காலம் கழிக்கப்படும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சேர்க்கக் கூடாதவை: ஜாமீனில் வெளியே இருந்த நாட்கள், பரோலில் இருந்த நாட்கள். 14 ஆண்டு உண்மைச் சிறையைக் கணக்கிடும்போது பரோல் காலத்தைச் சேர்க்க முடியாது என்று 2023 ஜனவரியில் கோவாவைச் சேர்ந்த கைதிகளின் வழக்கில் தீர்ப்பானது.

ஓர் எடுத்துக்காட்டு. கைதானது 2008 மார்ச் 10. ஜாமீன் செப்டம்பர் 10. ஆக ரிமாண்ட் 184 நாள். தண்டனை 2011 ஜனவரி 5, அன்றிலிருந்து உள்ளே. இடையில் பரோல் மொத்தம் 150 நாள். தண்டனை நாளிலிருந்து 14 ஆண்டு 2025 ஜனவரி 5இல் முடியும். 184 நாள் முன்னே வரும், 150 நாள் பின்னே போகும். ஆக 34 நாள் முன்னதாக, 2024 டிசம்பர் 2 அன்று 14 ஆண்டு நிறைகிறது.

நன்னடத்தைக்கும் வேலைக்கும் சிறையில் கிடைக்கும் தண்டனைக் கழிவை இந்த 14இல் சேர்க்க முடியாது. 1980இலிருந்தே நிலைத்துவிட்ட சட்டம் இது. ஆனால் சில மாநிலக் கொள்கைகள் ‘கழிவோடு சேர்த்து இத்தனை ஆண்டு’ என்று இன்னொரு கணக்கும் கேட்கும். ஆகையால் இரண்டு எண்களையும் தனித்தனியே எழுதி வையுங்கள். ஒன்றோடொன்று கலந்து எழுதிய மனுவைத் திருப்பி அனுப்ப அதுவே போதும்.

உங்கள் கணக்கும் சிறையின் கணக்கும் பொருந்தாவிட்டால், கைதி மூலமாகச் சிறைக் கண்காணிப்பாளரிடம் தண்டனை விவரப் பட்டியல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்; 30 நாளில் பதில் தர வேண்டும்.

4. எந்த அரசு, எந்தக் கொள்கை என்று உறுதிசெய்யுங்கள்

எந்த மாநிலத்தில் விசாரணை நடந்து தண்டனை விதிக்கப்பட்டதோ, அந்த மாநில அரசுதான் முடிவு செய்ய முடியும். குற்றம் நடந்த ஊரும், இப்போது அடைபட்டிருக்கும் சிறையும் இதற்குக் கணக்கில் வராது. 2002 குஜராத் கலவரத்தின்போது நடந்த பில்கிஸ் பானு கூட்டு வன்புணர்வு, கொலை வழக்கில் குஜராத் அரசு 11 பேரை விடுவித்ததை 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்கு முக்கியக் காரணமே, விசாரணை மகாராஷ்டிராவில் நடந்ததுதான். பக்கத்து மாநிலத்தில் தண்டனை பெற்றுத் தமிழ்நாட்டுச் சிறைக்கு மாற்றப்பட்டவரின் குடும்பம், சென்னைக்கு மனு அனுப்பிக்கொண்டே ஆண்டுகளை இழக்கும். சி.பி.ஐ. விசாரித்த வழக்கு என்றால் மத்திய அரசின் இசைவும் தேவை (பிரிவு 477).

அடுத்தது கொள்கை. தண்டனை விதிக்கப்பட்ட நாளில் எந்தக் கொள்கை நடைமுறையில் இருந்ததோ அதன்படிதான் பரிசீலிக்க வேண்டும்; பின்னால் வந்தது கைதிக்குச் சாதகமாக இருந்தால் அதன் பலனும் அவருக்கு உண்டு. 2010இல் ஹரியானா மாநில வழக்கு ஒன்றில் இது முடிவானது. ஆகவே இரண்டு அரசாணைகளின் நகலும் உங்களிடம் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. தலைவர்களின் பிறந்தநாள், நூற்றாண்டு போன்ற தருணங்களில் ஆளுநருக்கு மன்னிப்பு அதிகாரம் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 161ஆம் பிரிவின் கீழ் விடுதலை அறிவிப்பார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018இல் வந்த அரசாணை 10 ஆண்டு முடித்தவர்களையும் கணக்கில் எடுத்தது. 161ஆம் பிரிவுக்கு 14 ஆண்டுத் தடை பொருந்தாது. ஆனால் இதை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதுதான் குடும்பங்கள் செய்யும் மிகப் பெரிய தவறு என்று நினைக்கிறேன். எந்தெந்தக் குற்றப் பிரிவுகளுக்குப் பொருந்தாது என்ற நீண்ட விலக்குப் பட்டியல் அந்த அரசாணைகளில் இருக்கும். பட்டியலில் உங்கள் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வழக்கமான பாதையையும் விடாமல் நடத்துங்கள்.

5. விடுப்பில் வந்து நேரத்துக்குத் திரும்பிய வரலாறு

இந்தப் படி மனுவுக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்க வேண்டியது. வெளியே விட்டால் எப்படி இருப்பார் என்று யாரும் முன்கூட்டிப் பார்க்க முடியாது. ஆனால் ஆறு முறை வெளியே விட்டபோது ஆறு முறையும் குறித்த நேரத்துக்குத் திரும்பினார், ஊரில் ஒரு புகாரும் இல்லை என்பது பதிவேட்டில் இருக்கும். கோப்பில் இதைவிடப் பலமான தாள் எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் மூன்று ஆண்டு முடித்தவர்கள் சாதாரண விடுப்பு கேட்கலாம். வேண்டும் என்றே லீவு எடுக்காமல் நாளைச் சேமிக்கிறேன் என்பவர்கள் உண்டு. பரோல் காலம் கணக்கில் சேராது என்பதால் அப்படி நினைக்கிறார்கள். சில மாதங்கள் தள்ளிப்போவது உண்மைதான். ஆனாலும் ஒரு முறைகூட வெளியே வராதவரைப் பற்றிக் குழுவுக்கு எடைபோட ஒன்றுமே கிடைக்காது.

ஒரு நாள் தாமதம்கூடப் பதிவாகும். பஸ் கிடைக்கவில்லை என்ற காரணம் அந்தப் பதிவில் இருக்காது. திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தைய நாளே சிறை இருக்கும் ஊருக்குப் போய்த் தங்கச் சொல்லுங்கள். உடல்நிலை மோசமானால் அரசு மருத்துவமனைச் சான்றோடு, காலம் முடிவதற்கு முன்பே நீட்டிப்பு கேட்டு எழுத்தில் கொடுங்கள்.

6. நன்னடத்தை அலுவலர் வருவதற்கு முன்

கோப்புக்காக நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார். காவல் நிலையத்திலிருந்தும் விசாரிப்பார்கள். இவர்கள் எழுதும் அறிக்கைகள்தான் குழுவின் கண்கள். வீட்டில் யார் அவரை ஏற்கப் போகிறார், என்ன வேலை செய்வார், பாதிக்கப்பட்டவரின் குடும்பம் அதே தெருவில் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

மூன்றுக்கும் பதில் தாளில் இருக்கட்டும். ஏற்பவர் கையெழுத்திட்ட கடிதமும் ரேஷன் அட்டை நகலும், வேலை தருபவரின் கடிதம் அல்லது நிலப் பட்டா நகலும். மூன்றாவதுதான் கடினம். எதிர்த்தரப்பு பக்கத்திலேயே இருந்தால் “ஒரு பிரச்சினையும் இல்லை” என்று சொல்லி மழுப்பாதீர்கள். விசாரணையில் அது வெளிவந்துவிடும். அப்புறம் நீங்கள் சொன்ன மற்றவற்றையும் நம்ப மாட்டார்கள். வேறு ஊரில் உள்ள அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்து, அங்கேதான் இருப்பார் என்று எழுதுங்கள். எதிர்த்தரப்பைப் போய்ப் பார்த்து எழுதி வாங்க முயற்சி செய்யவே செய்யாதீர்கள். அவர்களும் ஓர் உயிரை இழந்தவர்கள். நீங்கள் கும்பிட்டுக் கேட்டது மிரட்டல் புகாராக மாறினால், காவல் அறிக்கையில் அதுவே முதல் வரியாக நிற்கும்.

அலுவலர் வந்த தேதியைக் குறித்து வையுங்கள். வராமலேயே அறிக்கை போனதாகத் தெரிந்தால், பிறகு நீதிமன்றத்தில் அந்தத் தேதிக் குறிப்பு பயன்படும்.

7. மனு எழுதுவது

கொள்கை இருக்கும் மாநிலத்தில் தகுதியடைந்த எல்லாரையும், விண்ணப்பம் இல்லாமலே, அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அப்படியிருந்தும் மனு கொடுங்கள். எந்தத் தேதியிலிருந்து தாமதம் என்று பின்னால் காட்ட ஒப்புகைச் சீட்டு வேண்டும்.

கைதி கொடுக்கும் மனு சிறைக் கண்காணிப்பாளர் வழியாகத்தான் போக வேண்டும். குடும்பத்தார் கொடுத்தால், கைதி இப்போது சிறையில் இருக்கிறார் என்ற உறுதிமொழி மனுவிலேயே இருக்க வேண்டும். 473ஆம் பிரிவின் நிபந்தனை இது. இந்த ஒரு வரி இல்லாமல் போன மனுக்கள் ஏராளம். அதனால் சிறையில் நேர்காணலுக்குப் போகும் நாளில் கைதியிடமே கையெழுத்து வாங்கி உள்ளேயே கொடுக்கச் சொல்வது நல்லது என்பேன்.

இரண்டு பக்கம் போதும். தண்டனை விவரம், நாள் கணக்கு, பொருந்தும் அரசாணை, விடுப்பு வரலாறு, சிறையில் படித்தது, கற்ற தொழில், வயது, நோய், ஏற்கும் குடும்பம். இந்த வரிசையில் எழுதுங்கள். “அவர் நிரபராதி, பொய் வழக்கு” என்று பத்துப் பக்கம் எழுதுவதுதான் புதியவர்களின் தவறு. அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் குழு மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை. தீர்ப்பை மாற்ற அதற்கு அதிகாரம் கிடையாது. செய்ததை இன்னும் உணரவில்லை என்றுதான் அந்தப் பக்கங்களைப் படிப்பார்கள்.

8. குழு எப்படி முடிவுக்கு வருகிறது

மாநிலத்துக்கு மாநிலம் அமைப்பு மாறும். தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த மாதிரியில் உள்துறைப் பொறுப்பாளர் தலைவர். சட்டத் துறைச் செயலர், ஒரு மாவட்ட நீதிபதி, தலைமை நன்னடத்தை அலுவலர், மூத்த காவல் அதிகாரி ஆகியோர் உறுப்பினர். சிறைத் துறைத் தலைவர் உறுப்பினர் செயலர். ஒரே அமர்வில் பல கோப்புகள் வரும். உங்கள் கோப்புக்குச் சில நிமிடங்களே கிடைக்கக்கூடும். அதனால்தான் ஒவ்வொரு தாளும் தனியாகவே பேச வேண்டும் என்கிறேன்.

2000ஆம் ஆண்டு லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த ஐந்து கேள்விகள் இன்றும் அளவுகோல். குற்றம் சமூகத்தையே பாதிக்காத தனிப்பட்ட செயலா? மீண்டும் செய்ய வாய்ப்பு உண்டா? குற்றம் செய்யும் திறன் இப்போது போய்விட்டதா? இன்னும் உள்ளே வைப்பதில் பயன் உண்டா? குடும்பத்தின் சமூக, பொருளாதார நிலை என்ன? நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு தாளையும் இந்த ஐந்தில் எதற்குப் பதில் என்று கேட்டுப் பாருங்கள். எதற்கும் பதிலாக இல்லாத ஊர்ப் பெரியவர் சான்றிதழ் பத்து இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அறுபது வயது தாண்டிய மூட்டுநோயாளி என்ற சிறை மருத்துவரின் குறிப்பு ஒன்றே இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்குப் போதுமான பதில்.

பெரும்பாலும் சிக்குவது இரண்டு இடங்களில். முதலாவது, தண்டனை விதித்த நீதிமன்றத்தின் கருத்து. வழக்கைக் கேட்ட நீதிபதி ஓய்வு பெற்றிருப்பார். இப்போது அந்த இருக்கையில் இருப்பவர் கோப்பைப் பார்த்து “கொடிய குற்றம், பரிந்துரைக்கவில்லை” என்று ஒரே வரி எழுதுவார். 2022இல் சத்தீஸ்கர் கைதி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தக் கருத்து காரணங்களோடும் மேற்சொன்ன அம்சங்களைத் தொட்டும் இருக்க வேண்டும் என்றது. இல்லாவிட்டால் புதிய கருத்து கேட்கச் சொல்லி அரசிடம் மனு கொடுக்கலாம். இரண்டாவது, காவல் அறிக்கையில் வரும் “சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும்” என்ற வாசகம். அதற்கு எதிராக வைக்க நம்மிடம் இருப்பது ஐந்தாம் படிதான்: இத்தனை முறை ஊருக்கு வந்திருக்கிறார், ஒரு முறையாவது புகார் உண்டா?

9. நிராகரித்தால்

“ரிஜெக்ட் ஆயிருச்சு” என்று வாய்மொழியாகக் கேட்டு மனம் உடைந்து திரும்பிவிடாதீர்கள். ஆணையில் சுருக்கமாகவேனும் காரணம் இருக்க வேண்டும். சிறை வழியாகக் கைதிக்கு உடனே தர வேண்டும். எதிர்த்து வழக்கு தொடரும் உரிமையையும் அவருக்குச் சொல்ல வேண்டும். இவையும் 2025 பிப்ரவரித் தீர்ப்பில் இருப்பவை. ஆணை கைக்கு வராமல் அடுத்த அடி வைக்க முடியாது.

காரணம் தாள் குறை என்றால் தாளைச் சரிசெய்து மறுபடி மனு கொடுங்கள். காரணம் வெறும் குற்றத்தின் கொடுமை மட்டும் என்றால், அல்லது காரணமே இல்லை என்றால், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. பல மாதமாகப் பதிலே இல்லாவிட்டாலும் குறித்த காலத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி ரிட் போடலாம். பெரும்பாலும் நீதிமன்றம் நேரடியாக விடுதலை செய்யாது. மறுபடி பரிசீலிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பும். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். இரண்டாம் முறை அரசு காரணம் எழுதியே தீர வேண்டும்.

வக்கீலுக்குக் கடன் வாங்காதீர்கள். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போங்கள். அல்லது 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

10. ஆணை வந்த நாளில்

முதலில் நிபந்தனைகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், கைதியும் நீங்களும் சேர்ந்தே. காவல் நிலையத்தில் எந்த நாள் கையெழுத்து, எத்தனை காலம், ஊர் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் வெளியே வரக் கூடாது. நிபந்தனை மீறினால் குறைப்பை ரத்து செய்து, வாரண்ட் இல்லாமலே கைது செய்ய முடியும். “ஒழுக்கமாக நடந்துகொள்ள வேண்டும்” போன்ற பொத்தாம்பொதுவான நிபந்தனை செல்லாது என்றும், ரத்து செய்வதற்கு முன் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும் என்றும் 2024இல் குஜராத் வழக்கு ஒன்றில் தீர்ப்பு வந்திருக்கிறது. அந்த நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிட்டால் விளக்கம் சொல்லும் வாய்ப்பே போய்விடும். வீடு மாறினால் அதே வாரத்தில் எழுத்தில் தெரிவியுங்கள்.

விடுதலை ஆணையை நான்கு நகல் எடுங்கள். ஒன்றை அன்றே உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்கி அசலோடு சேர்த்து வையுங்கள். இன்னொன்று அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். முதல் சில மாதங்களில் இரவு ரோந்தில் யாராவது நிறுத்திக் கேட்டால், எடுத்துக் காட்ட அதுதான் கையில் இருக்க வேண்டும்.